பக்கத்துக் காட்டுக்காரர்

ஜூன் 9, திங்கள்

காலைச் சுகர் 162. ராகிக் களி, கீரைக் கடைசல். மத்தியானம் அரைத்தட்டுச் சோறு, ரசம். சாயங்காலம் சர்க்கரை போடாத டீ.

ஆஸ்பத்திரி நர்சம்மா தினமும் உண்டதை எழுதிக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு எழுத்துத் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும் என்றேன். பையன் பூபதி பெங்களூரிலிருந்து வந்தபோது என் போனில் ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தான். மைக் படத்தை அமுக்கிப் பேசினால் அதுவே தேதி போட்டு எழுதிக்கொள்கிறது. என்ன எழுதுகிறது என்று எனக்குத் தெரியாது. சொன்னதைத்தான் எழுதும் என்று ஒரு நம்பிக்கை.

சர்க்கரைச் சங்கதி அவ்வளவுதான். இனி வருவது என் வீட்டுச் சங்கதி. நர்சம்மா இதைத் தள்ளிவிட்டுப் படிக்கலாம்.

பூபதி பெங்களூருக்குக் குடித்தனம் போனபோது அவனுடைய கேம் கம்ப்யூட்டரை நாமக்கல்லிலேயே விட்டுப் போனான். கண்ணாடிப் பெட்டி. உள்ளே பஸ்ஸில் சாமி படத்தைச் சுற்றி எரிகிற மாதிரி கலர் கலராக விளக்கு. அதில் லாரி ஓட்டுகிற ஆட்டம் ஒன்றைப் போட்டு, ஸ்டியரிங், கியர், பெடல் எல்லாம் பூட்டிக் கொடுத்தான். நாற்பது வருஷம் லாரி ஓட்டியவன் நான். கண்ணில் புரை அறுத்த பிறகு நிஜ வண்டியைத் தொடவில்லை. இப்போது வெள்ளைக்காரன் ஊரில் லோடு அடிக்கிறேன். ரோட்டிலேயே சோறு போட்டுத் தின்னலாம், அவ்வளவு சுத்தம். போலீஸ் கை நீட்டுவதில்லை.

போன பொங்கலுக்கு வந்தவன் அவன் அம்மாவுக்கும் ஓர் ஆட்டம் போட்டுக் கொடுத்தான். விவசாய ஆட்டம். பாவாயி ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். அவளுக்கு மத்தியானம், எனக்குச் சாயங்காலம் என்று பேச்சு. காதில் மாட்டுகிற ஹெட்செட்டும் அவளுக்குத்தான் வாங்கிக் கொடுத்தான். எனக்கு எதற்கு, நான் இன்ஜின் சத்தம் கேட்டால் போதும் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஒரு வாரமாகக் கம்ப்யூட்டர் இழுக்கவில்லை. மேட்டில் என் வண்டி விக்குகிறது. பாலத்தின் நடுவில் படம் அப்படியே நிற்கிறது. காரணம் எனக்குத் தெரியும். அவள் அந்த ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யாருடனோ பேசுகிறாள். வெளியாள் ஒருத்தன் ஒயர் வழியாக வீட்டுக்குள் வந்து போனால் அழுக்கு சேராமல் என்ன செய்யும்?

ஜூன் 10, செவ்வாய்

சுகர் 168. தோசை இரண்டு. அவள் இன்றைக்கும் சிரித்தாள்.

ஜூன் 12, வியாழன்

சுகர் பார்த்தேன், எண் மறந்துவிட்டது. நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. மனசு வேறெங்கோ இருந்தது.

மத்தியானம் சோறு உண்டுவிட்டுப் படுத்தேன். தூங்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்துப் பேச்சு அவள் காதுக்குள் போய்விடுகிறது. எனக்கு அவள் பேசுவது மட்டும்தான் கேட்கும்.

"மருந்து சாப்பிட்டியா?" என்றாள். பிறகு, "அட போ, உனக்கு இன்னும் அந்தப் புத்தி போகல." பிறகு சிரிப்பு.

எழுந்து போய்க் கேட்டேன். "யாரு புள்ள அது?"

அவள் திரும்பவில்லை. "பக்கத்துக் காட்டுக்காரருங்க."

"எந்தக் காடு?"

"இந்தா, இந்த ஆட்டத்துலதான். ரெண்டு காட்டுக்கும் பொழி வரப்பு ஒண்ணு, தண்ணி ஒண்ணு. பேசாம இருக்க முடியுமாங்?"

திரையில் ஓரமாக ஒரு சின்ன வட்டம். அதில் சிவப்பு டிராக்டர் படம். அதன் கீழே பேர் எழுதியிருந்தது. நான் என்ன படிப்பது?

அந்தச் சிரிப்புதான் எனக்கு உறுத்துகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் மூச்சு வாங்கி, "ஐயோ சாமி" என்று முடிகிற சிரிப்பு. கடைசியாக அதை நான் கேட்டது இந்த வீட்டுக்குப் புதுமனை புகுந்த அன்றைக்கு. பந்தியில் போட்டது எனக்கு இலையோடு நினைவிருக்கிறது. வாழைக்காய்ப் பொரியல், தட்டைப்பயிற்றுக் குழம்பு, பாயசத்தில் முந்திரி கருகியிருந்தது. எனக்கு எதிர் இலையில் பாவாயியின் தம்பி நாச்சிமுத்து, நீலக் கோடு போட்ட சட்டையில். அப்போது அவன் லாரி புக்கிங் ஆபீசில் கணக்குப் பிள்ளை. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. பேசினால் அதில் விசில் அடிக்கும்.

லாரி ஓனர் உட்கார்ந்திருக்கிறார், லாரிச் சங்கத்து ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் சொல்கிறான்: "எங்க மாமா பெல்லாரிக்குப் போக வேண்டிய முட்டை லோட ஹூப்ளிக்குக் கொண்டுபோய் நிறுத்திட்டு, பெல்லாரில ஏன் ஒருத்தனும் முட்டை வாங்க வரலைன்னு எனக்குப் போன் பண்ணுனாருங்க. போர்டு நல்ல போர்டுதான். மாமாவுக்குத்தான் அதோட பழக்கமில்ல."

சித்ரதுர்காவுக்குப் பக்கத்தில் ரோடு பிரிகிற இடம் அது. அந்தப் போர்டு மேல் சர்க்கஸ் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். ஓனர் சிரித்தார். பந்தி பரிமாறியவன் சிரித்தான். பாவாயி பாயச வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

அடுத்த அமாவாசைக்குக் குலசாமி கோயிலில் அவளைக் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தேன். தம்பி வாசலை இவள் மிதிக்கக்கூடாது. இந்த வாசலை அவன் மிதிக்கக்கூடாது. போனில் பேசக்கூடாது. மூன்றையும் வாய்விட்டுச் சொன்னாள். பதினோரு வருஷமாகிறது, ஒன்றையும் மீறவில்லை. அதில் அவளைக் குறை சொல்ல முடியாது.

இப்போது யாரோ ஒரு காட்டுக்காரனிடம் அதே சிரிப்பு.

ஜூன் 14, சனி

சுகர் 171. இட்லி.

சந்தைப்பேட்டைக்குப் பக்கத்தில் சுகந்தி என்ற அம்மாள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு ஒரு பெட்டியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார்.

"கேம் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்புக்கு ஒரு சாப்ட்வேர் வேணும்மா. சுத்தம் பண்றதுக்கும் ஒண்ணு."

"வைரஸ் வந்துருச்சுங்களா?"

"ஒரு ஆளு வர்றான். அவன உள்ள விடக் கூடாது."

"என்னங்கய்யா எடுத்துட்டுப் போறான்?"

"நேரத்தை" என்றேன்.

ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். யார், எப்படி வருகிறான் என்று விசாரித்தார். வீட்டுக்காரியோடு ஆட்டம் ஆடுகிறவன் என்றேன். முகத்தைத் திருப்பி இருமினார். சிரித்தாரோ என்னவோ.

"அய்யா, திருட்டுத்தனமா பூந்து வர்ற புரோகிராமத்தான் இது புடிக்கும். அம்மா வாங்கன்னு கூப்பிட்டு உக்கார வெக்கற ஆளப் புடிக்காதுங்க. அதுவுமில்லாம உங்க கம்ப்யூட்டர் கூடவே ஒரு காவக்காரன் வந்திருப்பான். கேமுக்கு அவனே போதும்."

"இன்னொருத்தன் இருந்தா தப்பா?"

"ஒரே ஒருத்தன் இருக்கலாம். ஆட்டம் ஓடறப்ப அவன் வாயத் தொறக்காம ஓரமா நிக்கோணும். அந்த வசதி இருக்குதான்னு பாத்துத்தான் எடுக்கோணும். இல்லீன்னா நடு ரோட்டுல உங்க வண்டிய நிறுத்திப் பர்மிட் கேப்பான். ரெண்டு பேர வெச்சீங்கன்னா ஒருத்தன ஒருத்தன் திருடன்னு புடிச்சுக்குவான்."

"சுத்தத்துக்கு?"

"அது வாங்கவே வாங்காதீங்க. அழுக்கு ஆயிரம் இருக்குது, பச்சைய அமுக்குன்னு மிரட்டும். அமுக்குனா நம்மளத்தான் சுத்தம் பண்ணும். வேண்டாதத நானே வந்து அழிச்சுத் தர்றேன். பெட்டிக்குள்ள தூசியும் ஊதோணும். கோழித்தீவன ஆலைக் காத்து உங்க பக்கம்தான் வீசுது."

தூசியைப் பற்றிக் கேட்கவா போனேன்? எனக்கு அந்த இன்னொருத்தன்தான் வேண்டும் என்று நின்றேன். சாயங்காலமே வந்து கேடயப் படம் போட்ட ஒன்றை ஏற்றிக் கொடுத்தார். பாவாயி அவருக்குக் காபி கொடுத்து, "எதுக்குங்க இது?" என்று கேட்டாள். காலம் கெட்டுக் கிடக்கிறது என்று நான் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

சுகர் 159. பூபதி போன் செய்தான்.

"உங்க அம்மா யாரு கூடடா பேசறா?"

"சுகர் எவ்வளவுப்பா?"

"சொல்றேன். அந்த டிராக்டர்காரன் யாரு?"

"மாத்திரை தீந்துருச்சா? அனுப்பட்டுமா?"

பெற்ற பிள்ளைக்குக் காது மந்தமாகிவிட்டது.

ஜூன் 17, செவ்வாய்

சுகர் 180.

கேடயம் வந்து மூன்று நாளாகிறது. டிராக்டர் படம் அங்கேயேதான் இருக்கிறது.

இன்றைக்கு அவள் பேசியதைக் கேட்டபோது எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. "மேக்காலக் காட்டுல சோளம் போட்டாச்சு. கெணத்து மேட்டுல கடலை. புளியமரத்துப் பள்ளத்த நீ பாத்துக்க கண்ணு."

மேக்காலக் காடு, கிணற்று மேடு, புளியமரத்துப் பள்ளம். மூன்றும் மோகனூர்ப் பக்கம் அவள் அப்பன் பூமியில் இருந்த பேர்கள். அந்தப் பூமி நாலுவழிச் சாலைக்குப் போய் வருஷம் பலவாகிவிட்டது. அந்தப் பேர்களைக் கொண்டுபோய் ஆட்டத்தில் வைத்து, யாரோ ஓர் அன்னியனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்கே கல்யாணமாகி இரண்டாம் வருஷம்தான் புளியமரத்துப் பள்ளம் எதுவென்று காட்டினாள். அன்றைக்கு மழை தூறியது. பழுத்த புளி ஒன்றை எடுத்து அவள் ஓட்டை உடைத்து எனக்குக் கொடுத்ததுகூட நினைவிருக்கிறது.

கண்ணு என்கிறாள். என்னை ஒருநாளும் கண்ணு என்று சொன்னதில்லை. புருஷனை அப்படிச் சொல்வதில்லைதான். ஆனாலும்.

ஜூன் 18, புதன்

சுகர் பார்க்கவில்லை.

முட்டை லோடு அடித்த காலத்தில் கர்நாடகா பார்டர் ஓட்டலில் வண்டியை நிறுத்தினால், ஒருத்தனுக்கு இரண்டு பேராகக் காவல் வைப்போம். ஒருத்தன் அசந்தால் இன்னொருத்தன் பார்ப்பான். சுகந்தியம்மாளுக்கு லாரித் தொழில் தெரியாது.

நேற்று லாரி ஆட்டத்துக்கு நடுவில் ஒரு கட்டம் வந்தது. ஆந்தைப் படம், பெரிய கண். பச்சைப் பொத்தானை அமுக்கினேன். எங்கும் பச்சை என்றால் போகலாம் என்றுதானே அர்த்தம். ஆந்தை உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் அதன் பின்னாலேயே ஒரு துடைப்பம் வந்தது. அதையும் விட்டேன். காவலுக்கு இரண்டு, பெருக்க ஒன்று. வீட்டுக்கு இதுதானே வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

சுகர் 177. கொள்ளு ரசம்.

கம்ப்யூட்டர் தொப்பூர்க் கணவாயில் முதல் கியரில் ஏறுகிற வண்டி மாதிரி அலறுகிறது. கேடயம் ஒரு சிவப்புக் கட்டம் காட்டினால் ஆந்தை இன்னொரு சிவப்புக் கட்டம் காட்டுகிறது. இரண்டும் மாறி மாறிக் குரைக்கின்றன. சுகந்தியம்மாள் சொன்னது நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டும் பழகிக்கொள்ளக் கொஞ்சம் நாளாகும்.

பாவாயி கம்ப்யூட்டர் எலியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் அறுவடை எந்திரம் பாதிச் சோளத்தில் நின்றுவிட்டது.

"என்னங்க பண்ணி வெச்சீங்க இத?"

"பாதுகாப்பு."

"யாருகிட்ட இருந்து?"

நான் காலண்டரில் தேதி பார்த்தேன்.

"இன்னிக்குக் கருது அறுக்கறம்னு சொல்லியிருந்தேன். பாவம், காத்துக்கிட்டு இருக்கும்."

பாவமாம். எனக்கு மத்தியானச் சோறு வைக்க மறந்துவிட்டாள். அதை யாரும் பாவம் என்று சொல்லவில்லை.

ஜூன் 21, சனி

பாவாயி நரசிம்மர் கோயிலுக்குப் போயிருந்தாள். சனிக்கிழமை போனால் வரத் தாமதமாகும்.

துடைப்பம் திரை முழுக்க வந்து நின்றது. சிவப்பில் பெரிய எண், அழுக்கின் கணக்கு. அதற்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு படம், ஒரு கட்டம். என் லாரி படம் இருந்த கட்டத்தில் டிக் இருந்தது, அதை எடுத்துவிட்டேன். டிராக்டர் படம் இருந்த கட்டத்தில் டிக் முன்பே இருந்ததா, நான் வைத்தேனா, அது இப்போது நினைவில்லை. மற்றதெல்லாம் நினைவிருக்கிறது. வெளியே வேலூர்ப் பஸ் ஹாரன் அடித்தது, பால்காரர் மணி அடித்தது.

பச்சையை அமுக்கினேன். துடைப்பம் இப்படியும் அப்படியும் பெருக்கியது. பார்க்க நன்றாக இருந்தது.

இதை நர்சம்மாவுக்குக் காட்ட வேண்டாம் என்று பூபதியிடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

ஆட்டத்தைத் திறந்தாள். காடு இல்லை. புதிதாக ஆடுகிறவர்களுக்கு வருகிற வெறும் தரை வந்தது. எலியை மெதுவாக மேசை ஓரத்தில் வைத்தாள். மேக்காலக் காடு இருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டுவாள் என்று நின்றேன். எழுந்து போய்க் கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தைதான். "ரெண்டாந்தடவையும் போச்சுங்க."

ஜூன் 23, திங்கள்

சுகர் 141. சோறு இறங்கவில்லை. நர்சம்மா இதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

ஜூன் 24, செவ்வாய்

சுகந்தியம்மாளைக் கூப்பிட்டு வந்தேன். ஆந்தையைப் பிடித்து வெளியே விட்டார். துடைப்பத்தையும் எடுத்தார். நானே கேட்டுக் கேடயத்தையும் எடுக்கச் சொன்னேன். கூடப் பிறந்த காவல்காரன் போதும். பிறகு பெட்டியைத் திறந்து காற்று அடித்தார். தீவன ஆலைத் தூசி புகையாகக் கிளம்பி, சாமி படத்து மேலெல்லாம் படிந்தது.

"இதாங்கய்யா இழுக்காததுக்குக் காரணம். மூச்சு அடைச்சுக் கெடந்துருக்குது."

"அந்த ஆளு இல்லையா?"

"எந்த ஆளு?"

டிராக்டர் ஆட்டத்தை மீட்க முடியுமா என்று கேட்டேன். ஒரு மணிநேரம் போலத் தேடினார். அழித்ததன் மேல் துடைப்பம் வேறு எதையோ எழுதிவிட்டதாம். "லாரி ஆட்டம் பத்திரமா இருக்குது. இது மட்டும் எப்படீங்கய்யா போச்சு? நம்ம டிக் வெச்சாத்தானே போகும்?" என்றார். எனக்குத் தண்ணீர் தாகமாக இருந்தது, குடிக்கப் போனேன்.

அவர் போனபோது பாவாயி ரேஷன் கடையில் இருந்தாள். அவர் திறந்து வைத்துவிட்டுப் போன ஆட்டத்தில், திரை ஓரத்தில் டிராக்டர் வட்டம் மினுக்கியது. மணி அடித்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. விட மாட்டேன் என்கிறான். இரண்டு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பச்சையை அமுக்கினேன்.

"அக்கா? என்னக்கா, நாலு நாளா ஆளையே காணோம். ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

அக்கா என்றதில் விசில் இல்லை. சோளம் என்றபோது வந்தது. "சோளம் போனாப் போகுதுக்கா. அவரு ஏதாச்சும் சொன்னாரா? சொன்னா விட்டுரு. நமக்குப் புதுசா?"

பல் சந்துக்குள் காற்றுப் போகிற அந்தச் சத்தத்தைப் பதினோரு வருஷமாக நான் கேட்கவில்லை. அப்போதைவிட இப்போது இன்னும் கொஞ்சம் ஓட்டையாக இருந்தது. கிழவனாகியிருப்பான்.

என் மூச்சு அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பக்கம் சத்தம் நின்றது.

"மாமா?" என்றான்.

ஹெட்செட்டைக் கழற்றி, அவள் வைக்கிற மாதிரியே ஆணியில் மாட்டினேன்.

ஜூன் 25, புதன்

சுகர் 150. தோசை. சட்னியில் உப்பு இல்லை. கேட்கவில்லை.

"குலசாமி முன்னால சத்தியம் பண்ணியே புள்ள."

அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். யாரைச் சொல்கிறேன் என்று கேட்கவில்லை. தலையையும் நிமிர்த்தவில்லை.

"எதை மீறுனேன்? அவன் வாசல நான் மிதிச்சனா?"

"இல்ல."

"நம்ம வாசல அவன் மிதிச்சானா?"

"இல்ல."

"போன்ல பேசுனனா?"

"அதுவும் இல்ல."

"காட்டுல பாத்துப் பேசக் கூடாதுன்னு நீங்க சொல்லலீங்களே. அப்பன் பூமி ரோட்டுக்குப் போனப்ப ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஊர்ல உக்காந்து அழுதம். சேந்து அழுவக்கூட வழியில்ல. பூபதிதான் இப்படி ஒரு காடு இருக்குது, அங்க பாத்துக்கங்கன்னான். கெணத்து மேடு எங்க, மாட்டுக் கட்டுத்தரை எங்கன்னு ரெண்டு பேருமா நெனச்சு நெனச்சுப் போட்டம். அதையும் தொடச்சு எடுத்துட்டீங்க."

"அது துடைப்பம் பண்ணுனது."

"ஆமாங். தொடப்பந்தான்."

கல் ஒன்றை எடுத்து வாசலில் எறிந்தாள்.

"அன்னிக்குப் பந்தியில நீயும் சிரிச்சியே" என்றேன். இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. தானாக வந்துவிட்டது.

இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அதுக்காங்க?" என்றாள். "அதுக்கா பதினோரு வருஷம்?"

ஜூன் 27, வெள்ளி

சுகர் 148.

இரண்டு நாளாக வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் மட்டும்தான். என் லாரி இப்போது வெண்ணெயாக ஓடுகிறது. ஒரு லோடு அடித்தேன். ருசிக்கவில்லை.

சாயங்காலம் அடுப்படி வாசலில் போய் நின்றேன். "கெணத்து மேட்ட வண்டித்தடத்துக்குத் தெக்கயா போட்டிருந்தீங்க?"

"வடக்க."

"தப்பு. தெக்க. உங்கப்பன் கெணத்துல குளிச்சுட்டுத் தடத்தப் பாத்து நின்னா, காலை வெயில் வலது கன்னத்துலதான் அடிக்கும். புளியமரம் பள்ளத்துக்கு நடுவுல இல்ல, கீழ்ப்புறப் பொழியில. அதுல ஒரு கெளை ரோட்டுப்பக்கம் ஒடிஞ்சு தொங்கும்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த நாச்சிமுத்துகிட்டச் சொல்லு" என்றேன். "ரெண்டு பேரும் தப்புத் தப்பாப் போட்டுருக்கீங்க."

ஜூலை 2, புதன்

சுகந்தியம்மாளிடம் கேட்டு, எல்லோரும் பேசுகிற மாதிரி ஒரு மைக்கும் பெரிய ஸ்பீக்கரும் மாட்டியாகிவிட்டது. இனி இந்த வீட்டில் ஒருத்தர் காதுக்குள் மட்டும் பேச்சு இல்லை.

முதல் நாள் ஒருத்தரும் சரியாகப் பேசவில்லை. அவன் "மாமா, நல்லாருக்கீங்களா" என்றான். நான் "உம்" என்றேன். பிறகு கிணற்றை எங்கே தோண்டுவது என்று சண்டை வந்தது. அதோடு பேச்சு சுலபமாகிவிட்டது. கட்டுத்தரை நான் சொன்ன இடத்தில்தான் வந்தது. பாவாயி, "ஆமாண்டா கண்ணு, அவரு சொல்றதுதான் சரி" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். இரண்டாவது தடவை வேண்டுமென்றே அவனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள் என்று நினைக்கிறேன்.

என் ஸ்டியரிங் டிராக்டருக்கும் வேலை செய்கிறது. சோளம் முளைக்கிற வரை கோழி வளர்க்கலாம் என்று அவன் சொன்னான். கோழி வளர்த்தோம், முட்டை சேர்ந்தது. இன்றைக்கு முதல் லோடு. டிரெய்லர் நிறைய முட்டைத் தட்டு. நான் ஓட்டுகிறேன், பாவாயி என் பின்னால் நிற்கிறாள். அவனுடைய சிவப்பு டிராக்டர் முன்னால் போகிறது.

ரோடு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்தது. நடுவில் போர்டு.

"மாமா, முன்னால ஒரு போர்டு…" என்று ஆரம்பித்தான். பாதியில் வாயை மூடிக்கொண்டான்.

பின்னால் பாவாயி மூச்சை அடக்கிக்கொண்டது எனக்குக் கேட்டது. நாற்காலி முதுகை அவள் பிடித்த பிடியில் நாற்காலி கொஞ்சம் பின்னால் சாய்ந்தது.

"படி மாப்ள" என்றேன். "உனக்குத்தானே அதோட பழக்கம்."

தயங்கித் தயங்கிச் சொன்னான். "சந்தைக்கு… எடது பக்கம்னு போட்டிருக்குதுங்க மாமா."

"எடது பக்கமா?"

"ஆமாங் மாமா."

நான் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒரே இழுப்பாக ஒடித்தேன். டிரெய்லர் பின்னால் ஆடியது, பள்ளத்தில் இறங்கியது, கவிழ்ந்தது. அத்தனை முட்டையும் ரோட்டில்.

"மாமா! ஹூப்ளிக்கா போறீங்க?" என்று அவன் கத்தினான். பல் சந்தில் விசில் பறந்தது.

பாவாயி சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, என் தோளில் சாய்ந்து, மூச்சு வாங்கி, கடைசியில் "ஐயோ சாமி" என்று.

இந்தத் தடவை அவளைச் சிரிக்க வைத்தது அவன் இல்லை. அந்தச் சர்க்கஸ் நோட்டீஸ் கதையை நாளைக்கு அவனிடம் சொல்ல வேண்டும்.

சுகர் பார்க்கவில்லை.